கேட்டவர் கையொப்பம்

பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளின் வாசிப்புப் பழக்கத்தைப் பார்வையிடும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். நாலு வார்த்தை வாழ்த்திவிட்டு உட்கார்ந்துகொள்ளலாம் என்றுதான் வந்தேன். ஆனால் உங்களில் ஒருவர் கையில் இருந்த வாசிப்பு நோட்டை வாசலில் வாங்கிப் பார்த்தேன். அட்டை மாறியிருக்கிறது, உள்ளே கட்டங்கள் மாறவில்லை. தேதி, புத்தகத்தின் பெயர், பக்கம், கேட்டவர் யார், கேட்டவர் கையொப்பம். அந்தக் கடைசிக் கட்டத்தை எங்கள் வட்டாரத்தில் சேர்க்கச் சொன்னவள் நான்தான். அதனால் எனக்கு நேர்ந்த ஒன்றை உங்களிடம் சொல்லாமல் போவது சரியில்லை.

நான் சந்தேகப் பிராணி. எனக்குப் பின்னால் டீச்சர்கள் என்னை 'சிபிஐ அக்கா' என்று கூப்பிட்டது எனக்குத் தெரியும். கேட்டுக் கோபம் வந்ததில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

அந்தக் குணம் எனக்கு இந்த வேலையில்தான் வந்தது. முதல் வருஷம் பொன்னமராவதிப் பக்கம் ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன். இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எழுந்து நின்று, வரிக்குக் கீழே விரல் வைத்து, கணீரென்று வாசித்தது. நான் கை தட்டப் போனேன். அந்த நேரம் பார்த்து ஜன்னல் வழியாகக் காற்று அடித்தது. புத்தகத்தில் இரண்டு தாள் புரண்டது. பிள்ளை நிறுத்தவில்லை. படமும் எழுத்தும் மாறிப்போன பக்கத்தில் விரலை நகர்த்திக்கொண்டு, பழைய கதையையே கடைசி வரி வரைக்கும் வாசித்து முடித்தது. வகுப்பு ஆசிரியர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போது, எனக்கு மேலே இருந்த அதிகாரி ஒன்று சொன்னார். "சந்தேகப்படுங்க டீச்சர், வேணாங்கல. ஆனா புள்ளைய மரத்தடிக்குக் கூட்டிட்டுப் போயி தனியாக் கேளுங்க. நாலு பேரு பாக்கக் கேக்காதீங்க." முதல் பாதியை நான் பிடித்துக்கொண்டேன். இரண்டாவது பாதி என் காதில் சரியாக ஏறவில்லை.

பிறகு வீட்டில் தினமும் வாசிக்கும் திட்டம் வந்தது. பிள்ளை சாயங்காலம் வீட்டில் பத்துப் பதினைந்து நிமிஷம் சத்தமாக வாசிக்க வேண்டும், வீட்டில் யாராவது உட்கார்ந்து கேட்க வேண்டும். நல்ல யோசனை. ஆனால் நடந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? பிள்ளைகள் சொல்வதை நம்ப எனக்கு மனசில்லை. கேட்டவர் கையெழுத்துப் போடட்டும் என்று கூட்டத்தில் எழுந்து சொன்னேன். எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. கையெழுத்து என்றால் எண்ணலாம், படம் எடுத்து அனுப்பலாம்.

அறந்தாங்கியிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் கண்மாய்க் கரை ஓரம் ஒரு தொடக்கப் பள்ளி. இரண்டே ஆசிரியர்கள். தலைமை ஆசிரியை ஓய்வுக்குப் பக்கத்தில் இருந்தார். இன்னொருத்தி சகாயமேரி, வேலைக்கு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அதிகம் பேச மாட்டாள். அந்தப் பள்ளியின் நோட்டுகளை வட்டார அலுவலகத்தில் ரொம்பப் புகழ்ந்தார்கள். ஒரு நாள் விடாமல் நிரப்புகிறார்களாம். அந்தச் சொல்லே என்னைக் கிளப்பிவிட்டது. பொங்கலுக்கும் விடாமலா? திருவிழாவுக்கும் விடாமலா? ஒரு திங்கட்கிழமை காலையில் யாரிடமும் சொல்லாமல் போய் இறங்கினேன்.

மூன்றாம் வகுப்பில் பதினோரு பிள்ளைகள். நோட்டுகளை வாங்கி மேசையில் அடுக்கி ஒவ்வொன்றாகப் புரட்டினேன். நான் முதலில் பார்ப்பது மை. ஒரே பேனா, ஒரே அழுத்தம், ஒரே சாய்வு என்றால் ஒரே நாளில் உட்கார்ந்து போட்டது. சஞ்சய் என்று ஒரு பையன். அப்பாவுக்கு மெயின் ரோட்டில் ஸ்டேஷனரிக் கடை. அவன் நோட்டில் ஒரு நாள் நீலம், ஒரு நாள் கறுப்பு, ஒரு நாள் ஜெல் பேனா. தினமும் போட்டதுதான் என்று முடிவு செய்தேன். அதைத் தூக்கிப் பிடித்து, "எல்லாரும் பாருங்க, நோட்டுன்னா இப்புடி இருக்கணும்" என்றேன். பையன் தலையைக் குனிந்துகொண்டான். கூச்சம் என்று நினைத்தேன்.

அடுத்த நோட்டு தர்ஷினியுடையது. கேட்டவர் கட்டத்தில் எல்லா நாளும் 'அப்பா'. கையொப்பம் எல்லா நாளும் 'மு. கணேசன்'. ஒரே நீலப் பேனா. ஐந்து மாதம், ஒரு நாள் பாக்கியில்லை.

"இந்தப் புள்ளையோட அப்பா என்ன பண்றாரு?" என்று சகாயமேரியிடம் கேட்டேன்.

"வெளிநாட்டுல இருக்காரு டீச்சர்."

"லீவுல வந்திருக்காரா?"

"இல்ல டீச்சர். போயி ரெண்டு வருஷம் ஆகுது. அது வந்து, டீச்சர்..."

"இருங்க" என்றேன். எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம். அதை மறைக்க விரும்பவில்லை. பூனை பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. பிள்ளையைக் கூப்பிட்டேன்.

இரட்டைச் சடை, காதில் ஒட்டுப் பொட்டு மாதிரி ஒரு சின்னத் தோடு. பயமில்லாமல் வந்து நின்றாள்.

"இது யாரு கையெழுத்து?"

"எங்கப்பாது டீச்சர்."

"அப்பா எங்க இருக்காரு?"

"துபாய்ல."

"துபாய்ல இருந்துக்கிட்டு இந்த நோட்டுல எப்புடிம்மா கையெழுத்துப் போட்டாரு? கை அவ்வளவு நீளமா?"

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்க வைக்கவேண்டும் என்றுதான் அப்படிக் கேட்டேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஒரு பையன் கையை நீட்டிக் காட்டினான். இன்னும் சிரித்தார்கள். தர்ஷினி சிரிக்கவில்லை, அழவும் இல்லை. நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஏதோ கணக்கை மனதுக்குள் போட்டுப் பார்க்கிற மாதிரி நெற்றி சுருங்கியது. அவ்வளவுதான். போய் உட்கார்ந்துவிட்டாள்.

அவளை வாசிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. சஞ்சயையும் கேட்கவில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை.

மதியம் கைபேசியில் அறிக்கை எழுதினேன். 'போலிக் கையொப்பங்கள். வகுப்பாசிரியர் அறிந்தே அனுமதித்துள்ளார். விசாரணை தேவை.' அந்தப் பள்ளியில் டவர் கிடைக்காது. டவர் உள்ள இடத்துக்கு வந்ததும் தானாகவே போய்விடும்படி அறிக்கை போனிலேயே காத்திருந்தது. சகாயமேரி இரண்டு முறை என் பக்கத்தில் வந்து நின்றாள். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்தக் கையெழுத்து யாருடையது என்று அம்மாவிடம் எழுதி வாங்கிவிட்டால் வழக்கு முடிந்தது என்ற நினைப்பில், சாயங்கால பஸ்ஸுக்கு நேரம் இருப்பதைப் பார்த்துக்கொண்டு, அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனேன்.

ஓட்டு வீடு. முன்னால் வேப்பமரத்தில் கட்டிய ஆட்டுக்குட்டி. தர்ஷினியின் அம்மா பெயர் வளர்மதி. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், என் கையில் நோட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். முகத்தில் வரவேற்பு இல்லை.

"யாருங்க நீங்க? யாரு அனுப்புனா?"

அவள் என்னைச் சந்தேகப்பட்டாள். எனக்கு அது பழக்கமில்லை. எப்போதும் சந்தேகப்படுகிறவள் நான்தான். அந்த எரிச்சலில், வாசலில் நின்றபடியே, என் வகுப்பறைக் குரலில் கேட்டேன்.

"ஒங்க வீட்டுக்காரரு கணேசன் ஊருக்கு எப்பங்க வந்தாரு?"

வளர்மதியின் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. அதே நேரம் வீட்டுக்குள்ளிருந்து ஒரு ஆண் குரல், இருமலோடு சேர்ந்து வந்தது.

"யாரு ஆத்தா அது? கணேசன் வந்துருக்கானா? எந்திரிக்க முடியலயே, அவன உள்ள வரச் சொல்லு."

அவளுடைய மாமனார். வளர்மதி என்னைப் பார்த்தாள். தலையை மட்டும் மெல்ல இரண்டு முறை ஆட்டினாள், வேண்டாம் என்று. அந்தக் கண்ணில் இருந்தது மாட்டிக்கொண்டவளின் பயம் இல்லை. மாட்டிக்கொண்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் நம் முகத்தைப் பார்ப்பார்கள், நாம் நம்புகிறோமா என்று. இவள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்து அதிலிருந்து என்ன வரப்போகிறது என்று.

என்ன விஷயம் என்று எனக்குத் தெரியாது. யோசிக்க நேரமும் இல்லை. உள்ளே பெரியவர் கட்டிலிலிருந்து எழ முயலும் சத்தம் கேட்டது.

"இல்லங்கய்யா" என்றேன், சத்தமாக. "நான் பள்ளிக்கூடத்துலேருந்து வாரேன். ஒங்க பேத்தி நல்லா வாசிக்குது. அத அவங்கப்பாவுக்குப் போன்ல சொல்லச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். நீங்க படுத்துக்கங்க."

"அப்புடிங்களா" என்று பெரியவர் குரல் தளர்ந்தது. "சொல்லு ஆத்தா, அவன்கிட்ட சொல்லு."

இத்தனை வருஷ வேலையில் நான் சொன்ன முதல் பொய் அது. பிள்ளை நல்லா வாசிக்கிறதா இல்லையா என்று அந்த நிமிஷம் வரை எனக்குத் தெரியாது.

வளர்மதி என்னை வீட்டுக்குப் பின்னால் அடிபம்புப் பக்கம் கூட்டிப்போனாள். "மெதுவாப் பேசுங்க" என்றாள். "போன மாசந்தான் நெஞ்சுவலி வந்து தஞ்சாவூருக்குக் கொண்டுபோயிக் காப்பாத்திக் கொண்டாந்தோம்."

பிறகு சொன்னாள். டிரைவர் வேலை என்று சொல்லித்தான் கணேசனைக் கூட்டிப் போனார்கள். அங்கே வேறு வேலை, வேறு ஊர், பாஸ்போர்ட் அவர்கள் கையில். ஒரு நாள் தாங்க முடியாமல் வெளியே வந்துவிட்டான். கடைசியாகப் போன் பண்ணி, கொஞ்ச நாள் பேச முடியாது, யாரிடமும் சொல்லாதே, அப்பாவுக்குத் தெரியவே கூடாது, புள்ள வாசிக்கிறதை நிறுத்திராம பாத்துக்க என்று மட்டும் சொன்னானாம். அதோடு போன் நின்றுவிட்டது. ஐந்து மாதம் ஆகிறது.

"அதுக்கு முன்னாடி தெனமும் அவருக்கு வாசிச்சுக் காட்டும். ட்யூட்டி முடிஞ்சு அவரு ரூமுக்கு வர்ற நேரம் இவ காத்துக்கெடப்பா. பேச்சு நின்னதும் அப்பா பிஸின்னு சொன்னேன். வாசிச்சு வாய்ஸா அனுப்பு, பெறகு கேப்பாருன்னு சொன்னேன். தெனமும் அனுப்புச்சு. மறுநா காலைல, அப்பா கேட்டுட்டாரு, நல்லா இருக்குன்னாருன்னு நான் சொல்லுவேன். கையெழுத்து நாந்தான் போட்டேன். அவரு மாதிரியே போட்டுப் போட்டுப் பழகுனேன்."

"நீங்க ஒங்க கையெழுத்தையே போட்டிருக்கலாமே?" என்று கேட்டேன். இன்னும் எனக்குப் புத்தி வரவில்லை.

"அவ அவங்கப்பாவுக்குத்தாங்க வாசிக்கிறா. எனக்கா வாசிக்கிறா?"

போனைத் திறந்து என் கையில் கொடுத்தாள். குரல் பதிவுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக, விரலால் தள்ளத் தள்ளப் போய்க்கொண்டே இருந்தன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒத்த டிக். எதுவும் போய்ச் சேரவில்லை. சேராதது தெரிந்தும் அந்தப் பெண் தினமும் போனைப் பிள்ளையின் கையில் கொடுத்திருக்கிறாள்.

பழைய பதிவு ஒன்றைத் தொட்டேன். ஒவ்வொரு எழுத்தாகப் பிய்த்துப் பிய்த்து ஒரு குரல். நடுவில் மூச்சு. ஒரு வரியைக் கடக்க அரை நிமிஷம். ஒரு மாதம் தள்ளி இன்னொன்று. எழுத்துகள் சொற்களாகச் சேர்ந்திருந்தன. இன்னும் கீழே வந்தேன். போன வாரம் அனுப்பியது. கதையில் வரும் நரிக்கு ஒரு குரல், கொக்குக்கு ஒரு குரல். ஒரு இடத்தில் அவளே சிரித்துவிட்டு, "இருப்பா, சிரிப்பு வருது" என்று சொல்லி மறுபடி வாசித்தாள்.

ஆயிரக்கணக்கான நோட்டுகளைப் பார்த்தவள் நான். ஒரு பிள்ளை வாசிக்கக் கற்றுக்கொண்டதை, கற்றுக்கொண்ட வரிசையிலேயே, அன்றைக்குத்தான் முதல் முறையாகக் காதால் கேட்டேன். அதைத்தான் நான் போலி என்று எழுதியிருந்தேன்.

"இதையெல்லாம் யாரு கேட்டா?" என்றேன்.

"யாரு கேப்பா? நாந்தான். அவ தூங்குனப்புறம் எடுத்துக் கேப்பேன். இல்லாட்டி மனசு ஆறாது."

அப்படியானால் கேட்டவர் இருந்திருக்கிறார். கட்டத்தில் பெயர்தான் வேறு.

அந்த நேரம் என் பையில் போன் டிங்கென்றது. ஊரில் அந்த அடிபம்புப் பக்கம்தான் டவர் கிடைக்குமாம். எடுத்துப் பார்த்தால், அறிக்கை அனுப்பப்பட்டது என்று வந்திருந்தது.

மறுநாள் காலையில் அப்போதிருந்த வட்டார அதிகாரி போனில் கூப்பிட்டார். குரலில் உற்சாகம். "நல்ல கேஸாப் புடிச்சிருக்கீங்க டீச்சர். அந்தப் பள்ளிக்கூடத்து ரெண்டு டீச்சருக்கும் மெமோ போட்டுறலாமா?"

"வேண்டாம் சார். நான் எழுதுனது தப்பு."

"கையெழுத்து அப்பா போட்டதா?"

"இல்ல சார்."

"வேற ஆளு போட்டதா?"

"ஆமா சார்."

"அப்பறம் என்னங்க தப்பு? சரியாத்தான எழுதியிருக்கீங்க?"

வளர்மதியின் விஷயத்தைச் சொன்னால் மெமோ நின்றுவிடும். ஆனால் சொன்ன விஷயம் அலுவலகத்தில் நிற்காது. அங்கே வேலை பார்க்கும் ஒருவர் அந்த ஊர்க்காரர். அன்றைக்கே பெரியவர் காதுக்குப் போய்விடும். "புள்ள நெசமாவே வாசிக்குது சார். நான் வாசிக்கச் சொல்லிக் கேக்காமலே எழுதிட்டேன்" என்றேன்.

"அப்ப அதையே எழுதிக் குடுங்க" என்றார். எழுதிக் கொடுத்தேன். மாணவியை வாசிக்க வைத்துப் பார்க்காமல் அறிக்கை அனுப்பினேன், தவறு என்னுடையது என்று. என் பணிப் பதிவில் என் கையால் ஏறிய ஒரே குறை அது. மெமோ நின்றது.

சகாயமேரியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் கோபப்படவில்லை. "அவ போன்ல வாசிச்சு அனுப்புறா, அம்மாதான் கையெழுத்துப் போடுறாங்கன்னு எனக்குத் தெரியும் டீச்சர். சொல்ல வந்தேன். நீங்க இருங்கன்னீங்க. இருந்துட்டேன்" என்றாள். டிக் விஷயம் அவளுக்கும் தெரியாது. பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், "சஞ்சய் இருக்கான்ல, அவனுக்கு 'அம்மா', 'அப்பா'வத் தாண்டி வாசிக்க வராது. அவங்கப்பா ஞாயித்துக்கெழமைல ஒரு வாரத்துக்குச் சேத்துப் போட்டு விட்டுருவாரு. கடைல பேனாவுக்கா பஞ்சம்?" என்றாள்.

நான் தூக்கிப் பிடித்த நோட்டு அது. பையன் ஏன் தலையைக் குனிந்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

அறிக்கையைத் திருத்தியதோடு முடிந்திருந்தால் இதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டேன். தர்ஷினி மூன்று நாளாகப் பள்ளிக்கு வரவில்லை. வகுப்பில் நான் கேட்ட கேள்வியை அவள் வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறாள். அப்பா கேட்டாரா, எப்போது கேட்டார், எப்படிச் சொன்னார் என்று அம்மாவைத் துளைத்திருக்கிறாள். பிறகு அம்மா குளிக்கப் போன நேரம் போனை எடுத்துப் பார்த்திருக்கிறாள். ஒன்பது வயசுப் பிள்ளைக்கு இன்றைக்கு ஒத்த டிக் என்றால் என்ன என்று தெரியாதா?

சகாயமேரியும் நானும் போனோம். பிள்ளை ஆட்டுக்குட்டிக்கு அகத்திக் குழை நீட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். நான் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தேன்.

"அன்னைக்கு எல்லாரும் இருக்கப்ப ஒன்ன அப்புடிக் கேட்டது தப்பும்மா. டீச்சர் தப்புப் பண்ணிட்டேன்."

குழை முழுவதையும் குட்டிக்கு ஊட்டிவிட்டுச் சொன்னாள். "நீங்க கேட்டது கரெக்டுதான் டீச்சர். அவரு கேக்கவே இல்ல. அம்மா பொய் சொல்லிருச்சு."

கரெக்ட் என்று ஒரு பிள்ளை என்னைப் பார்த்துச் சொல்லி, அதைக் கேட்டு நான் வெட்கப்பட்டது அந்த ஒரு முறைதான். ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. பின்னால் நின்ற வளர்மதி முந்திக்கொண்டாள். "நானே சொல்றேங்க" என்று மகளை அடிபம்புப் பக்கம் அழைத்துப் போனாள். அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. பிள்ளையின் குரல் ஒரு முறை உயர்ந்து அடங்கியது மட்டும் கேட்டது. அடுத்த நாள் பள்ளிக்கு வந்தாள். ஆனால் வாசிக்கவில்லை.

ஒரு வாரம், இரண்டு வாரம் இல்லை, இரண்டு மாதத்துக்கு மேல். நோட்டு வெறுமையாகவே இருந்தது. வகுப்பில் எழுப்பினால் எழுந்து நிற்பாள், வாயைத் திறக்க மாட்டாள். எனக்கு என் பழைய ஆயுதமெல்லாம் நினைவுக்கு வந்தது. பரிசு கொடுக்கலாமா, பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டலாமா, அம்மாவைக் கூப்பிட்டுப் பேசலாமா. சகாயமேரி ஒரே வார்த்தையில் சொன்னாள், "விடுங்க டீச்சர்."

அவள் செய்தது வேறு. தினமும் கடைசி அரை மணி நேரம் மூன்றாம் வகுப்பைத் தரையில் வட்டமாக உட்கார வைத்து, தானே ஒரு புத்தகத்தைச் சத்தமாக வாசித்தாள். யாரும் வாசிக்க வேண்டியதில்லை, கையெழுத்து வேண்டியதில்லை, கேள்வி இல்லை. கதை சூடு பிடிக்கும் இடத்தில் மணி அடிக்கும். மணி அடிக்கிற நேரத்துக்கு அந்த இடம் வருகிற மாதிரி அவள் வீட்டிலேயே அளந்து வைத்துக்கொண்டு வந்தாள் என்று எனக்குச் சந்தேகம். கேட்டால் சிரித்தாள். மணி அடித்ததும் புத்தகத்தை மூடி ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம், மறுநாள் காலையில் திரும்ப வந்துவிட வேண்டும், அவ்வளவுதான் சட்டம்.

முதலில் எடுத்தது யார் தெரியுமா? சஞ்சய். எழுத்துக்கூட்டத் தெரியாத பையன் படத்தைப் பார்க்க எடுத்துப் போனான். மறுநாள், "இந்த எடத்துல என்னா போட்டுருக்கு?" என்று தர்ஷினியிடம் கேட்டிருக்கிறான். அவள் முதலில் சொல்லவில்லை. அவன் தானாக ஒரு கதையைக் கட்டிச் சொல்ல, பொறுக்க முடியாமல், "அப்புடி இல்லடா, இப்புடி" என்று புத்தகத்தை இழுத்து இரண்டு வரி வாசித்துவிட்டாள். சகாயமேரி வாசலில் நின்று பார்த்தவள், உள்ளே போகாமல் தண்ணீர் குடிக்கப் போவதுபோல் திரும்பிவிட்டாளாம். உள்ளே போய்ப் பாராட்டியிருந்தால் கெட்டிருக்கும் என்றாள். நானாக இருந்தால் போயிருப்பேன்.

கணேசன் பிழைத்து வந்தான். அந்த நாட்டு அரசாங்கம் கெடு கொடுத்துப் பொது மன்னிப்பு என்று அறிவித்தபோது ஆஜராகி, காகிதம் முடிந்து, அந்த வருஷக் கடைசியில் ஊர் வந்து சேர்ந்தான். பெரியவர் அவனைப் பார்த்த பிறகுதான் நடந்ததெல்லாம் அவருக்குச் சொன்னார்கள். ஒரு நாள் அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் அவனே வந்து என்னிடம் பேசினான். பதிவுகளையெல்லாம் கேட்டேன் டீச்சர் என்றான். என் குணம் விடுமா? "எல்லாத்தையுமா?" என்றேன். "மொதல்ல முதலைய மொதலாளின்னுதான் வாசிச்சுக்கிட்டிருந்தா டீச்சர். நாலு நாளு அப்புடியே ஓடுச்சு. அஞ்சாவது நாளுதான் முதலை முதலையா வந்துச்சு" என்றான். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

அந்த வருஷக் கூட்டத்தில் கையொப்பக் கட்டத்தை எடுத்துவிடலாம் என்று சொன்னேன். அதை வைத்தே நானும் பெற்றோரும் பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் ஏமாற்றக் கற்றுக்கொண்டோம், சஞ்சய் வீட்டில் ஒரு மாதிரி, வளர்மதி வீட்டில் ஒரு மாதிரி என்று சொன்னேன், பெயர் சொல்லாமல். "அப்ப வாசிச்சாங்களான்னு எப்புடித் தெரியும்?" என்று கேட்டார்கள். "உக்காந்து கேட்டா தெரியும்" என்றேன். ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிஷம் ஆகும், அவ்வளவு நேரம் யாருக்கு இருக்கிறது என்றார்கள். கட்டம் அப்படியே இருக்கிறது. உங்கள் நோட்டிலும் இருக்கிறது.

சந்தேகப்படாதீர்கள் என்று உங்களுக்குச் சொல்ல நான் வரவில்லை. சந்தேகப்படாதவர்கள் இந்த வேலைக்கு ஆக மாட்டார்கள். காற்றில் தாள் புரண்ட அந்தப் பள்ளியை அப்படியே நம்பியிருந்தால், அந்தப் பிள்ளை ஐந்தாம் வகுப்பு வரை புத்தகத்தைப் பார்த்துப் பாட்டுப் படித்துக்கொண்டே போயிருக்கும். ஆனால் காகிதத்தைச் சந்தேகப்பட்டுவிட்டு, பிள்ளையின் வாசிப்பைச் சோதித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். நோட்டு பொய்யாக இருந்து வாசிப்பு உண்மையாக இருக்கலாம். நோட்டில் கையெழுத்து உண்மையாக இருந்து வாசிப்பே இல்லாமல் இருக்கலாம். எது என்று தெரிந்துகொள்ள ஒரு வழிதான் உண்டு. புத்தகத்தைக் கையில் கொடுத்து, வாயை மூடிக்கொண்டு, பக்கத்தில் உட்காருங்கள். யாரும் பார்க்காத இடத்தில் உட்காருங்கள்.

தர்ஷினி இப்போது ஆறாம் வகுப்பு. போன மாதம் டவுன் நூலகத்தில் பார்த்தேன். கீழே உட்கார்ந்து, தூணில் சாய்ந்து, ஒரு தடித்த புத்தகத்தில் மூழ்கியிருந்தாள். பக்கத்தில் போய் நின்றும் தெரியவில்லை. இப்ப யாருக்கும்மா வாசிச்சுக் காட்டுற என்று கேட்டேன்.

"யாருக்கும் இல்ல டீச்சர். அடுத்து என்ன ஆகுதுன்னு தெரியணும்ல."

உண்மையிலேயே படிக்கிறாளா, அட்டைப் படத்துக்காக வைத்திருக்கிறாளா என்று என் மனசு ஒரு ஓரத்தில் அரித்தது. "எங்க, இதுவரைக்கும் கதை என்னன்னு சொல்லு பாப்போம்" என்றேன்.

பாதி வரைக்கும் சொன்னாள். நன்றாகவே சொன்னாள். நான் என்னையறியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் என்று கேட்டேன். சட்டென்று நிறுத்தி, என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும், எத்தனையோ பிள்ளைகளை நான் பார்த்த பார்வை.

"சொல்ல மாட்டேன் டீச்சர்" என்றாள். "சொல்லிட்டா நீங்க படிக்க மாட்டீங்க."